நூற்றுக்கு நூற்றுப்பத்து

எங்கள் ஊர் காஜா பெராங்கில் ஆமாம், இல்லை என்ற இரண்டு சொற்களுக்கும் நடுவில் குடியிருந்த ஒரே மனிதர் பூச்சி அண்ணன்தான். யுத்தத்துக்கு முன் அவருக்கு விவசாய இலாகாவில் வேலை. எவ்வளவு மருந்து தெளித்தால் எத்தனை வண்டு சாகும், எத்தனை பிழைக்கும் என்று கணக்குப் போடுவார். ஜப்பான்காரன் வந்ததும் இலாகா போயிற்று. கணக்கு மட்டும் அவரோடு வீட்டுக்கு வந்துவிட்டது. அந்த வீட்டில் ஓர் அறையில் நான் வாடகைக்கு இருந்தேன்.

அப்போது சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்க லோரி வரும். ஒரு மூட்டை மரவள்ளிக்கிழங்கை ஊர்விட்டு ஊர் கொண்டுபோக அனுமதிச் சீட்டு வேண்டும். ஆளைக் கொண்டுபோக எந்தச் சீட்டும் வேண்டியதில்லை. அண்ணன் வண்டுகளை விட்டு எங்களைக் கணக்கிட ஆரம்பித்தார். வெளியே போனவன் வயதென்ன, உடம்பு எப்படி, தனியாகவா துணையோடா, திரும்பினானா இல்லையா. யார் லோரியில் மாட்டுவான் என்று முன்கூட்டிச் சொல்ல, சுவரில் கரியால் புள்ளி வைத்து, அதன்மேல் இரண்டு கோடு இழுத்தார். ஒன்று அடிக்கோல் வைத்துப் போட்ட நேர்கோடு. மற்றது படுத்து, எழுந்து, மறுபடி படுக்கும் வளைகோடு. இரண்டில் எது சரி என்பதுதான் அவருக்கு யுத்தம். மற்ற யுத்தத்தை அவர் அவ்வளவாகக் கவனிக்கவில்லை.

ஒருநாள் காலை பக்கத்து வீட்டுக் காளியப்பன் ஓடிவந்தான். ஊருக்கு வெளியே செமாபோக்கில், தாய்வீட்டில், அவன் மனைவிக்குப் பிரசவ வலி. அவனோ மூட்டை தூக்கிய இளம் உடம்பு. லோரிக்கு ரொம்பப் பிரியமான ரகம்.

"அண்ணே, போலாமா வேணாமா? ஒரே வார்த்தை சொல்லுங்க."

"நேர்கோட்டுப்படி நீ மாட்டிக்கிறதுக்கு நூத்துக்கு நூத்திப்பத்து."

"நூத்திப்பத்தா? என்னா அண்ணே, பிடிச்சவனையே இன்னொரு தடவை பிடிப்பானா?"

"அதான்டா அந்தக் கோட்டோட கோளாறு!" அண்ணன் முகம் மலர்ந்தது. "நூறைத் தாண்டி ஓடுது. கிழவன் எனக்குப் பூஜ்யத்துக்கும் கீழ காட்டுது. வளைகோடு அப்படியில்ல, நூத்துக்குள்ள அடங்கி நிக்கும். அதுல உனக்குத் தொண்ணூறு."

"ரெண்டும் எப்பவுமே இப்படித்தான் சண்டை போடுமா?" என்று கேட்டேன்.

"நடுவுல ரெண்டும் ஒண்ணுதான். ஓரத்துலதான் சண்டை."

"நான் ஓரத்துலதானே நிக்கிறேன் லா!" காளியப்பன் அழாத குறை. "அவ அங்க கத்திக்கிட்டுக் கிடக்கா. நான் போறேன்."

"இரு, நானும் வரேன்."

"ரெண்டு பேராப் போனா குறையுமா?"

"ஏறும். சேர்ந்து போனாத்தான் கண்ணுல படும்."

"அப்புறம் ஏன் வரீங்க?"

அண்ணன் குனிந்து செருப்பைத் தேடினார்.

வழியில் லோரி நின்றதாம். அண்ணன் நேரே சிப்பாயிடம் போய், குச்சியால் மண்ணில் வளைகோடு வரைந்து விளக்கத் தொடங்கினாராம். பைத்தியத்தை ஏற்றக்கூடாது என்று அங்கே ஏதோ விதி இருந்திருக்க வேண்டும். கன்னத்தில் ஓர் அறை விட்டு விரட்டிவிட்டார்கள். அதற்குள் காளியப்பன் சந்துக்குள் புகுந்து போய்விட்டான். பெண் குழந்தை.

மாலையில் வீங்கிய கன்னத்தோடு அண்ணன் திரும்பினார்.

"வளைகோடும் தப்பாப் போச்சே அண்ணே!" என்றேன்.

"பத்துப் பேர்ல ஒருத்தன் தப்பிப்பான்னும் அதுதானேடா சொல்லிச்சு?"

காளியப்பனுக்கான புள்ளியை வைக்கச் சுவரருகே போனார். கன்னத்து வீக்கத்தில் கண் சரியாகத் தெரியவில்லை. கரியை வாங்கி நானே வைத்தேன். புள்ளி கொஞ்சம் தள்ளித்தான் விழுந்தது. இருக்கட்டும் என்று அவர் கரியைத் திரும்ப வாங்கிக்கொண்டார், நானும் அழிக்கவில்லை.