மெடிக்கலம்மா போட்ட மார்க்

செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க வருஷக்கணக்கில் முற்றுகை போட்டுக் கிடந்தார்கள் என்று சரித்திரம் சொல்கிறது. ஒரு பெரிய பட்ஜெட் படத்தைக் கவிழ்க்க எங்கள் மெடிக்கலம்மாவுக்கு ஓர் இடைவேளை போதும். முறுக்கு வாங்க வெளியே வந்தவர் உதட்டைப் பிதுக்கி "ம்ஹூம்" என்றால், மதியக் காட்சிக்கு டிக்கெட் எடுக்க நின்றவர்கள் பைக்கைத் திருப்பிவிடுவார்கள்.

மாற்றலாகிச் செஞ்சிக்குப் போனபோது எனக்கு வீடு கிடைத்தது அவருடைய மருந்துக் கடைக்கு மேலே, மாடிப் போர்ஷனில். அவர் பெயரைச் சொல்லி விசாரித்தால் அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. மெடிக்கலம்மா என்றால் பேருந்து நிலையத்திலிருந்தே கைகாட்டுவார்கள். பரம்பரையாகச் சமணக் குடும்பம். வழியில் எறும்பு வரிசை போனால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு தாண்டுவார். படம் எடுக்கிறவர்களுக்கு மட்டும் அந்தக் கருணை கிடையாது.

வெள்ளிக்கிழமை காலைக் காட்சிக்குப் போயே தீருவார். சமண வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்தாக வேண்டும் என்பதால் மாலைக் காட்சி அவருக்கு ஒத்துவராது. கடை ஷட்டரைப் பாதி இறக்கி ஓர் அட்டையைத் தொங்கவிடுவார்: 'அவசரம் என்றால் தியேட்டருக்கு வரவும். பால்கனி, ஓரச் சீட்டு.'

வேடிக்கைக்கு எழுதியிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை நானும் பால்கனியில் இருந்தேன். கிளைமாக்ஸ். கதாநாயகி மலை விளிம்பில் ஒற்றைக் கையால் தொங்குகிறாள். தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அப்போது செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு அவலூர்பேட்டைக்காரர் ஒருவர் வந்தார். "அம்மா, கொழந்தைக்கு ஜொரம்மா" என்று மருந்துச் சீட்டை நீட்டினார்.

மெடிக்கலம்மா கண்ணாடியை மாட்டிச் சீட்டைப் படித்தார். கைப்பைக்குள் துழாவி மருந்தை எடுத்துக் கொடுத்தார். "மூணு வேள. சாப்ட்டதுக்கு அப்புறம்."

வந்தவர் மருந்தை வாங்கிக்கொண்டு நகராமல் திரையையே பார்த்து நின்றார்.

"இன்னா நிக்கற? அவ சாவ மாட்டா. ரெண்டாம் பார்ட் எடுக்கப் போறாங்கோ. நீ போயி கொழந்தையப் பாரு!"

பால்கனி முழுவதும் ஒரே குரலில் "அம்மா!" என்று அலறியது. அத்தனை பேருக்கும் கிளைமாக்ஸ் அங்கேயே முடிந்துபோனது.

அவரிடம் நட்சத்திரக் கணக்கெல்லாம் கிடையாது. பள்ளிக்கூடக் கணக்குதான். நூற்றுக்கு மார்க், முப்பத்தைந்து பாஸ். பெரும்பாலான படங்கள் வாங்குவது முப்பத்துநாலு.

"அந்த ஒரு மார்க்கப் போட்டு பாஸ் பண்ணி விட்டாதான் இன்னாம்மா?" என்று யாராவது பரிந்து வருவார்கள்.

"அந்த ஒரு மார்க்குக்குத்தான் கத எழுதணும். அத அவங்கோ எழுதல, நான் போடல."

மார்க்கை மருந்தோடு சேர்த்தே கொடுப்பார். இருமல் சிரப் வாங்க வந்தவரிடம், "இத குடிச்சா தூக்கம் வரும், வண்டி ஓட்டாத. அந்தப் புதுப் படத்துக்கும் இதேதான். பாத்துட்டு நேரா வண்டிய எடுக்காத" என்றார். தலைவலி மாத்திரை கேட்டவரிடம், "இன்னா படம் பாத்த?" என்று முதலில் விசாரித்துவிட்டுத்தான் மாத்திரையைக் கிழித்தார்.

இதில் மிகவும் பரிதாபத்துக்குரியவர் தியேட்டர் மேனேஜர். மெடிக்கலம்மா வாயைத் திறந்த ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவருக்கு நெஞ்செரிச்சல் வரும். அதற்கு மருந்து வாங்கவும் மெடிக்கலம்மாவிடம்தான் வந்தாக வேண்டும்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் வாயத் தொறக்காதம்மா. வாரா வாரம் ஃப்ரீ டிக்கெட் தரேன், பாப்கார்னும் தரேன்" என்று ஒருமுறை கடை வாசலில் நின்று கெஞ்சினார்.

"ஓசில பாத்தா கண்ணு பொய் சொல்லும் தம்பி. இந்தா, சிரப்ப நல்லா குலுக்கிக் குடி."

என்னையும் அவர் விட்டதில்லை. அண்ணன் தங்கை பாசப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு கலங்கிய கண்ணோடு படியேறிய என்னைக் கடையிலிருந்தே நிறுத்தினார். "அழுதீங்களா சார்?"

"நல்ல படம்மா."

"கண்ணுக்குச் சொட்டு மருந்து தரேன். அந்தத் தங்கச்சிக்கு நாலு சீன்ல நாலு வியாதி வருது. ஒண்ணுக்காவது எவனாச்சும் மருந்து வாங்கிக் குடுத்தானா? எல்லாரும் பாட்டுதான் பாடறாங்கோ. முப்பத்திநாலு!"

அரைமணி நேரம் சண்டை போட்டேன். அந்தப் படத்துக்காக அதன் தயாரிப்பாளர்கூட அவ்வளவு வாதாடியிருக்க மாட்டார். மார்க் அசையவில்லை.

இவ்வளவு பேசுகிறவருக்குப் பேசவே பேசாத கணவர். கடையின் உள்பக்கம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து மருந்துப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருப்பார். மீசை மட்டும் இரண்டு பக்கமும் கம்பீரமாக வளைந்திருக்கும். நான் குடிவந்த பிறகு அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டியிருக்கிறார், சிரித்திருக்கிறார். குரலைக் கேட்டதில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு சரித்திரப் படம் எடுக்கக் கோட்டைக்கு வந்து இறங்கினார்கள். வெயிலில் மயங்கி விழும் போர்வீரர்களுக்கு உப்புக் கரைசல் பொட்டலம் வாங்க உதவி இயக்குநர் ஒருவர் கடைக்கு ஓடிவந்தார். வந்தவர் பொட்டலத்தை மறந்துவிட்டு ஸ்டூலையே பார்த்தார்.

"மீசை ஒரிஜினலாம்மா?"

"முப்பது வருஷமா நான் பாக்கறேன், ஒரிஜினல்தான். ஏன்?"

காவல் வீரன் வேஷம், ஒரு வரி வசனமும் உண்டு என்றார் அவர். ஸ்டூலில் இருந்தவரின் கையிலிருந்து மருந்துப் பெட்டி நழுவி விழுந்தது. மெடிக்கலம்மா கணவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு உதவி இயக்குநரிடம் கறாராக ஒரு நிபந்தனை போட்டார். "இவரு யாரையும் கொல்ல மாட்டாரு. இவரு செத்தா பரவால்ல."

மறுநாள் காலையில் மொட்டை மாடியிலிருந்து ஒரு மெல்லிய குரல் கேட்டது. ஏறிப் பார்த்தேன். அந்த ஊரில் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையைக் காயப்போட்டிருந்த இடத்துக்கு நடுவே, துடைப்பத்தை ஈட்டியாகப் பிடித்தபடி கணவர் நின்றிருந்தார். "அரசே! எதிரிகள் கோட்டை வாசலுக்கே வந்துவிட்டார்கள்!" என்னைக் கண்டதும் வெட்கப்பட்டு மாடியைப் பெருக்க ஆரம்பித்துவிட்டார். படப்பிடிப்பு முடியும் வரை எதிரிகள் தினமும் எங்கள் மாடிக்கு வந்துகொண்டிருந்தார்கள். கீழே மெடிக்கலம்மா ஒன்றும் தெரியாதவர் போல மாத்திரை எண்ணிக்கொண்டிருப்பார்.

கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழித்துப் படம் வந்தது. வெளியாகும் வாரம் கணவர் சரியாகச் சாப்பிடவில்லை. வியாழக்கிழமை மாலை படிக்கட்டில் என்னை மறித்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கேட்டார். "சார்... அவ இன்னா மார்க் போடுவா?"

அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான். எனக்கு முப்பத்துநாலைத் தவிர வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை. "நல்லாத்தான் போடுவாங்க" என்று சொல்லிவைத்தேன்.

வெள்ளிக்கிழமை தியேட்டரில் ஊரே இருந்தது. ஓரச் சீட்டில் மெடிக்கலம்மா, பக்கத்தில் அவர் கணவர், அடுத்து நான். இடைவேளைக்குச் சற்று முன்னால் அந்தக் காட்சி வந்தது. மீசையும் ஈட்டியுமாக ஓடிவந்தார். தியேட்டர் விசிலில் அதிர்ந்தது. வாயைத் திறந்தார். உள்ளேயிருந்து இடி முழக்கம் போல யாரோ ஒருவருடைய குரல் வந்தது. டப்பிங்கில் வேறு ஆளைப் பேச வைத்துவிட்டார்கள்.

மெடிக்கலம்மா எழுந்தே விட்டார். "நிறுத்துடா படத்த! அது எங்க வூட்டுக்காரரு கொரலு இல்ல!"

"ஒக்காரும்மா, மறைக்குது!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். திரையில் ஓர் அம்பு வந்து கணவரின் மார்பில் பாய்ந்தது. அவர் செத்து விழுந்ததைப் பற்றி மெடிக்கலம்மாவுக்குக் கவலையே இல்லை. "கொரல எவன்டா எடுத்தது?" என்று திரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்துச் சீட்டில் அந்த வீரர் கழுத்து வரை சரிந்து உட்கார்ந்திருந்தார்.

விளக்கு எரிந்ததும் மேனேஜர் நெஞ்சைத் தடவிக்கொண்டு ஓடிவந்தார். "அம்மா, அதெல்லாம் மெட்ராஸ்ல பண்றதும்மா. நான் இன்னா பண்ணுவேன்?"

"தப்பா நிறுத்துன வண்டி நம்பர் சொல்றதுக்கு ஒரு மைக் வெச்சிருக்கியே, அத எடுத்துனு வா."

மைக் வந்தது. கணவரைக் கைப்பிடித்துக் கீழே அழைத்துக்கொண்டு போய்த் திரைக்கு முன்னால் நிறுத்தினார். "வேணாம்மே" என்று அவர் முனகியது மைக்கில் விழுந்து ஊருக்கே கேட்டது.

"மாடில அத்தினி மல்லாட்டைக்கும் சொன்னீங்க இல்ல? எங்களுக்கும் சொல்லுங்கோ."

அவர் மீசையை ஒருமுறை துடைத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார். "அரசே! எதிரிகள் கோட்டை வாசலுக்கே வந்துவிட்டார்கள்!"

மெலிந்த, நடுங்குகிற குரல். நிஜமாகவே எதிரியைப் பார்த்துவிட்டு ஓடிவந்தவனுடைய குரல். முன் வரிசையிலிருந்து யாரோ, "கதவச் சாத்துங்கடா, வந்துட்டானுங்க!" என்று கத்த, கைதட்டலும் விசிலும் எழுந்தன. படத்தை மறுபடி ஆரம்பிக்கவே வெகுநேரம் ஆயிற்று.

படம் விட்டதும் வாசலில் கூட்டம் கலையாமல் நின்றது. மெடிக்கலம்மா படியில் நின்று அறிவித்தார். "முப்பத்திநாலு."

"நம்ம ஊருல எடுத்த படம்மா!" மேனேஜர் அழாத குறை.

"நம்ம ஊருன்றதாலதான் அதுவும்!"

கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது. ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றிருந்த கணவர் மிகவும் மெதுவாகக் கேட்டார். "எனக்கு?"

மெடிக்கலம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, புதுப்படம் பார்ப்பது போல அவரை மேலும் கீழும் பார்த்தார். "வசனம் நல்லா சொன்னீங்கோ. கைய எங்க வெச்சுக்கறதுன்னுதான் தெரியல. அறுபது."

"ஃபர்ஸ்ட் கிளாஸா?"

"பின்ன?"

அவர் சட்டென்று திரும்பிக்கொண்டு, சுத்தமாகவே இருந்த ஸ்கூட்டர் கண்ணாடியைத் துண்டால் நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். மெடிக்கலம்மா அவசரப்படுத்தவில்லை. வெயிலில் அப்படியே காத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு மறுபடி மாற்றல் வந்து, இப்போது ஒரு பெரிய ஊரில் இருக்கிறேன். இங்கே தியேட்டரில் சாய்ந்து படுத்துக்கொள்ளும்படி சீட்டெல்லாம் இருக்கிறது. இடைவேளையில் விளக்கு எரிந்தால் எல்லோரும் தங்கள் தங்கள் செல்போனைப் பார்க்கிறார்கள். படங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. கூட உட்கார்ந்து திட்டுவதற்குத்தான் ஆள் இல்லை.