ஆபத்தில்லாத தியாகராசன்

துப்பாக்கி லைசென்ஸ்தாரர் என்றொரு இனம் உண்டு. இந்த இனம் சுடாது, சுட்டதும் இல்லை. வேலைக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டுக் காவல் நிலையத்தில் நான் காத்திருந்த அன்றுதான் இவர்களில் ஒருவர் முதன்முதலாகக் கண்ணில் பட்டார்: விழிதியூர் தியாகராசன்.

இவர்களுக்குப் பொங்கலைவிடப் பெரிய பண்டிகை தேர்தல். ஏன் என்கிறீர்களா? தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். மற்றவர்களுக்கு அது சட்டம். தியாகராசனுக்கு ஊர்வலம். அப்பா வழியில் வந்த இரட்டைக்குழல் துப்பாக்கியை எண்ணெய் போட்டுத் துடைத்து, சலவை வேட்டி கட்டி, வாடகைக் கார் பிடித்து, நேர்வழியை விட்டுக் கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு போய், டீக்கடைக்கு டீக்கடை நிறுத்தி, "என்ன செய்யறது, நம்ம கையில இது இருந்தா கவர்மெண்டுக்குத் தூக்கம் வராதாம்" என்று அலுத்துக்கொள்வார். அந்த அலுப்பில்தான் எத்தனை ஆனந்தம்!

இந்தத் தேர்தலுக்கு அழைப்பு வரவில்லை. பக்கத்து ஊரான பூவத்தில் இன்னொரு லைசென்ஸ்தாரரான பிலோமின்ராஜுக்கு வந்துவிட்டது. "ஒங்களுக்கு இன்னும் சொல்லலையா?" என்று ஊரே விசாரித்தது. தியாகராசனுக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி அல்லியைக் கூட்டிக்கொண்டு, துப்பாக்கியோடு அவரே அன்று காவல் நிலையத்துக்கு வந்துவிட்டார்.

"இந்தத் தடவ எல்லாரும் குடுக்க வேணாங்கய்யா," என்றார் ஏட்டு மணிபாரதி. "கேஸ் உள்ளவங்க, வம்புதும்பு பண்றவங்க மட்டுந்தான். ஒங்களப் பத்தி விசாரிச்சிட்டோம். ஒங்களால யாருக்கும் ஒரு ஆபத்தும் இல்ல. எடுத்துட்டுப் போங்க."

வேறு யாராவது என்றால் மகிழ்ந்திருப்பார்கள். தியாகராசனுக்கு முகம் வெளிறியது.

"அப்புடிச் சொல்லாதீங்க சார். நான் பெரிய கோவக்காரன். வாய்க்கா தகராறுல மம்புட்டியவே ஓங்கிட்டேன்."

"ஓங்கிட்டு?"

"கீழ வச்சிட்டேன்."

அல்லி சும்மா இருப்பாரா? "யாரு சார், இவரா? கரப்பாம்பூச்சி வந்தாலே கட்டில்மேல ஏறிக்கிட்டு என்னையத்தான் கூப்புடுவாரு."

காவல் நிலையமே சிரித்தது. சான்றிதழுக்காகக் காலையிலிருந்து கால்கடுக்க நின்றவர்களுக்குப் பொறாமை வேறு. கேட்காமலே ஒருவருக்கு நன்னடத்தை கிடைத்துவிட்டதே!

"பிலோமின்ராஜு மட்டும் என்ன சார் பெரிய ரவுடியா?" என்றார் தியாகராசன், கிட்டத்தட்ட அழுகிற குரலில். "ஒரு வாரமாச்சும் வச்சிக்கிங்க சார். ஊருல தலகாட்ட முடியாது."

ஏட்டு கையெடுத்துக் கும்பிட்டார். துப்பாக்கி திரும்பியது, சந்து வழியாக.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஏதோ ஒரு வாசலில் காவலாளி, முன்னால் போனவரின் பையைக் குடைகுடை என்று குடைந்துவிட்டு, உங்களை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "நீங்க போங்க சார்" என்றபோது உள்ளே லேசாகச் சுருக்கென்றதா? அப்படியானால் விழிதியூரில் உங்களுக்கு ஓர் அண்ணன் இருக்கிறார். டீக்கடைப் பக்கம் தேடாதீர்கள். வீட்டில்தான் இருக்கிறார், துப்பாக்கியும் அவருமாக.