கால் நிமிஷம் அசையாமல் நின்ற குடும்பம்

கொங்கு நாட்டில் ஒருவரைத் தீராத பகையாளி ஆக்குவதற்கு நிலத் தகராறெல்லாம் வேண்டியதில்லை. அவர் வரும்போது "வாங்க" என்று சொல்லாமல் இருந்தால் போதும். வீட்டில் பத்துப் பேர் இருந்தால் பத்துப் பேரும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். வந்தவரும் ஒவ்வொருவருக்கும் திருப்பி "வாங்க" சொல்வார். (எங்கள் தூரத்துச் சித்தப்பா ஒருவர், கிடா விருந்துக்குப் போன இடத்தில் ஒரு "வாங்க" குறைந்ததற்காக இன்றுவரை அந்தத் தெருப்பக்கம் போவதில்லை.) இதெல்லாம் தெரிந்தே வளர்ந்த நான், ஒரு குடும்பம் முழுவதையும் ஒரே நேரத்தில் "வாங்க" சொல்ல விடாமல் செய்தேன். அதுவும் எனக்குப் பெண் கொடுக்கவிருந்த குடும்பத்தை.

அப்போது எனக்கு அருவிப் பைத்தியம். கோயமுத்தூரில் பம்ப்செட் கம்பெனி வேலை. ஞாயிறானால் டிரைபாடைத் தோளில் போட்டுக்கொண்டு உக்கடத்தில் பஸ் ஏறிவிடுவேன். ஆனைமலைப் பக்கம் அரை மணி நடையில் எட்டிவிடக்கூடிய சின்னச் சின்ன அருவிகள்தான் என் இலக்கு. லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டி, ஷட்டரைக் கால் நிமிஷம் திறந்து வைத்தால், கொட்டுகிற தண்ணீர் படத்தில் பஞ்சு மாதிரி விழும். பாறை, பாசி, மரம் என்று அசையாததெல்லாம் துல்லியமாக இருக்கும், அசைவதெல்லாம் கரைந்துபோகும். குளிக்க வந்தவர்களை "கொஞ்சம் தள்ளிக்குங்க" என்று விரட்டி விரட்டி எடுத்த படங்கள் என்னிடம் நூற்றுக்கணக்கில் இருந்தன. ஒன்றிலும் மனித வாடை கிடையாது. அதில் எனக்குப் பெருமை வேறு.

பொள்ளாச்சிப் பக்கம் நந்தினியைப் பெண் பார்த்தோம். இரண்டு வீட்டாருக்கும் பிடித்துவிட்டது. உப்புச் சர்க்கரை மாற்றிச் சம்பந்தத்தை உறுதி செய்ய ஒருவர் மட்டும் பாக்கி, நந்தினியின் பெரியப்பா. கொப்பரை வியாபாரி. பெண் பார்த்த அன்று அவர் வெளியூரில் இருந்தார். அவர் என்னைப் பார்த்துச் சரி என்றால்தான் மேற்கொண்டு பேச்சு.

"மாப்பிள்ளைதான் அருவி அருவின்னு திரியறாரே, அங்கயே போயிரலாமுங்க. அண்ணன் களத்து வேலைய முடிச்சுப்போட்டு நேரா வந்தர்றேன்னாரு" என்றார் நந்தினியின் அப்பா.

எனக்கு நந்தினியை ரொம்பவே பிடித்திருந்தது. அவள் முன்னால் என் வித்தையைக் காட்டத் துடித்தேன். இரண்டு குடும்பமும் கிளம்பிப் போனோம். மழை பெய்து ஓய்ந்த காடு. என் அம்மா அட்டைக்குப் பயந்து உப்புப் பொட்டலத்தோடு நடந்து வந்தார். அருவிக்கு முன்னால் இருந்த பாறையில் எல்லாரையும் நிறுத்தினேன். தண்ணீரும் பஞ்சாக வேண்டும், ஆட்களும் தெளிவாக வேண்டும் என்று பேராசை. முதல் தடவை நந்தினியின் அம்மா சிரித்துவிட்டார். இரண்டாவது தடவை என் அம்மாவின் காலில் அட்டை ஏறியது.

"இந்தத் தடவை யாரு வந்தாலும் சரி, யானையே வந்தாலும் சரி, யாரும் அசையக் கூடாதுங்க!" என்று சொல்லிப் பட்டனை அழுத்தினேன்.

வந்தது யானையில்லை. பாறையின் ஓரமாக ஒரு பெரியவர் மூச்சு வாங்க ஏறி வந்தார். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டுக் கும்பிட்டார்.

"வாங்க, வாங்க. எல்லாரும் முன்னயே வந்துட்டீங்களாட்ட இருக்குது?"

பதில் இல்லை. துணிக்கடைப் பொம்மைகள் மாதிரி மொத்தக் குடும்பமும் விறைத்து நின்றது. வந்தவரின் சொந்தத் தம்பியான நந்தினியின் அப்பாகூடக் கண்ணைத் திருப்பவில்லை. யாரோ குளிக்க வந்தவர் என்று நினைத்த நான், டிராபிக் போலீஸ் மாதிரி அவரை நோக்கி உள்ளங்கையைக் காட்டி "ஷ்ஷ்" என்றேன். அவர் கும்பிட்ட கையோடு அப்படியே நின்றுவிட்டார்.

நந்தினி மட்டும் திரும்பினாள். "வாங்க பெரியப்பா!"

"அட, ஆடிட்டீங்களே! படமே போச்சு!" என்று அவளைப் பார்த்துக் கத்தினேன். "பெரியப்பா" என்ற சொல் அதற்கப்புறம்தான் என் மண்டையில் ஏறியது.

எங்கள் ஊரில் கோபம் ஏற ஏற மரியாதையும் கூடவே ஏறும். "இல்லீங்க தம்பி, நீங்க நல்லா எடுங்க. நான் சும்மா இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தனுங்க. வாரனுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். காட்டுக்குள் அருவியடியில் அவருக்கு என்ன வேலை என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. அவருடைய தம்பி பின்னாலேயே ஓடினார்.

திரும்பி நடக்கையில் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஏஞ்சாமி, அந்தத் தண்ணி எங்க போயிருது? அவரு வந்தொடனே வாங்கன்னு சொல்லிப்போட்டு, அப்பறமா எடுத்தா ஆகாதா?" கல்யாணம் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். நந்தினி கேமராவை வாங்கிப் படத்தைப் பார்த்தாள். "இதைய அழிச்சுப்போடாதீங்க. நாளைக்குப் பெரியப்பாகிட்ட கொண்டுபோய்க் காட்டுங்க" என்றாள்.

மறுநாள் காலை கொப்பரைக் களத்துக்குப் போனேன். பெரியப்பா என்னைப் பார்த்தார். "வாங்க" வரவில்லை. வாயைத் திறக்கப்போன என்னை நோக்கி உள்ளங்கையைக் காட்டினார்.

"ஷ்ஷ். அசையாம நில்லுங்க தம்பி."

நின்றேன். அவர் வெயிலில் கொப்பரையைத் திருப்பிப் போட ஆரம்பித்தார். என் கால் நிமிஷத்தைவிட அது மிக நீளமாக இருந்தது. மூக்கில் ஈ உட்கார்ந்தது, விரட்டவில்லை. ஒரு வரிசையை முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"வாங்க. மோரு குடிக்கறீங்களா?"

மோரைக் குடித்துவிட்டு மன்னிப்புக் கேட்டேன், படத்தைக் காட்டினேன். அதில் பெரியப்பா கும்பிட்டபடி நின்றார், ஆனால் புகை மாதிரி. அவருக்கு ஊடாகப் பின்னாலிருந்த பாறையும் அருவியும் தெரிந்தன.

"ஏனுங்க தம்பி, எனக்குள்ளயே தண்ணி கொட்டுதுங்களே!" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்புறம் நந்தினியின் இடத்தில் விரலை வைத்தார். அவளுக்கு அங்கே இரண்டு முகங்கள். ஒன்று கேமராவைப் பார்த்தது, இன்னொன்று அவரைப் பார்த்தது. இரண்டும் கலங்கலாக இருந்தன. "எல்லாருஞ் சும்மா பொம்மையாட்டம் நிக்கறாங்கொ. இந்தப் புள்ள ஒருத்திதான் மனுசியாட்டம் இருக்கறா."

கெட்டுப்போன இடம் என்று நான் நினைத்தது அதுதான். அவள்மேல் கத்தியதை நினைத்து அந்தக் களத்தில் கூனிக் குறுகினேன். அந்த வாரமே உப்புச் சர்க்கரை மாற்றினார்கள்.

எங்கள் கல்யாணம் தொடங்கி, பெரியப்பா எந்த குரூப் போட்டோவுக்கும் நேரத்தில் வருவதில்லை. எல்லாரும் வரிசையாக நின்று, போட்டோகிராபர் "ரெடி" சொல்லும்வரை மண்டபத்துக்கு வெளியிலேயே நிற்பார். சரியாக அந்த நொடியில் கும்பிட்டபடி உள்ளே நுழைவார். மொத்த வரிசையும் "வாங்க, வாங்க" என்று திரும்பிக் கலையும். கேமராவை நேராகப் பார்க்கிற குடும்பப் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை.

போன மாதம் என் மகளுக்குக் காது குத்தினோம். படமெடுத்தது நான்தான். பெரியப்பாவுக்கு இப்போது முழங்கால் வலி, வாசலிலிருந்து வந்து சேர நேரமாகிறது. எல்லாரும் வரிசையில் நின்றபடி வாசலையே பார்த்துக் காத்திருந்தார்கள். மூன்று வயது மகளுக்கு அவர் அப்பச்சி, அம்மா வழித் தாத்தா. நந்தினியின் இடுப்பிலிருந்தபடி அவள்தான் முதலில் கத்தினாள், "வாங்க அப்பச்சி!"

வரிசை கலைந்தது. நான் பட்டனை அழுத்தினேன்.