நூற்றிருபது வரியில் எத்தனை ஆள்

"நாலு பேரா? இந்த ஊர்ல பேரை எண்ணினா நாலுதான்டா வரும்" என்றார் மேலாளர் அஸ்தாவா. "முதல் பிள்ளை வயான், அடுத்தது மாடே, அப்புறம் ஞோமான், கெதுத். அஞ்சாவது பிறந்தா மறுபடி வயான். நீயும் பாலிக்காரன்தான?"

அவரிடம் தற்காலிக வேலையில் இருந்த அர்டிகாவுக்கு முகம் சுண்டிப்போனது. டென்பசாரில் அவர்கள் கம்பெனி முப்பது நாள் இலவசக் கணினி வகுப்பு நடத்தியிருந்தது. வாத்தியார் முடித்த கையோடு வேறு வேலைக்குப் போய்விட்டார். அஸ்தாவா அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. இப்போது கையில் இருந்தது நூற்றிருபது வரி வருகைப் பட்டியல் மட்டும். ஒரே ஆள் பலமுறை வந்திருந்தால் ஒருமுறை மட்டும் எண்ணி, மொத்தம் எத்தனை பேர் என்று ஒரு கணினி நிரல் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் அர்டிகாவுக்கு வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் ஊரில் அப்பாவின் பன்றிகளுக்குத் தண்ணீர் காட்டப் போக வேண்டியதுதான்.

அவன் எழுதியதும் மகா காவியம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு வரியிலும் ஒரு பேரை எடு, ஏற்கெனவே பார்த்ததா என்று தேடு, புதுசு என்றால் ஒன்று கூட்டு, அவ்வளவுதான். பேரின் முதல் பாதியை மட்டும் எடுத்திருந்தான், அதனால்தான் நாலு. முழுப் பேரையும் எடுக்கச் சொன்னார் அஸ்தாவா. முப்பத்தேழு வந்தது.

"ஐயா, 'வயான் சுதீரா', 'வயான் சு.', 'வயான் சுதிரா'னு இருக்கு. மூணும் ஒரே ஆளா இருக்கலாம்" என்று இழுத்தான்.

"புள்ளி வெச்சா வேற ஆள். மெஷினுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமோ?"

முப்பத்தேழும் அவருக்குப் போதவில்லை. ஜகார்த்தா தலைமையகத்தில் இன்னும் பெரிதாகக் காட்டினால்தான் அவருக்குப் பதவி உயர்வு. பேரோடு போன் நம்பரையும் சேர்த்து ஒப்பிடச் சொன்னார். வகுப்புக்கு வந்த மகாராசன்கள் ஒரே நம்பரை ஒருநாள் சுழியத்தில் தொடங்கியிருந்தார்கள், ஒருநாள் நாட்டுக் குறியீட்டு எண்ணில் தொடங்கியிருந்தார்கள், ஒருநாள் நடுவில் இடம் விட்டிருந்தார்கள். நிரல் கூச்சநாச்சமில்லாமல் தொண்ணூற்றாறு என்றது. வேலை வேண்டுமே, அர்டிகா அதை அப்படியே எழுதி நீட்டினான்.

அஸ்தாவா அந்த எண்ணை அப்போதே ஜகார்த்தாவுக்கு அனுப்பிவிட்டு அர்டிகாவின் முதுகில் தட்டினார். அரை மணி நேரத்தில் பதில் வந்தது. இயக்குநர் நாளைக்கே வருகிறாராம், தொண்ணூற்றாறு பேரோடும் உட்கார்ந்து சாப்பிட்டுப் படம் எடுத்துக்கொள்வாராம்.

வகுப்புக்குச் சோறு கட்டிக் கொடுத்த கெர்த்தி அக்காவைக் கூப்பிட்டு, நாளைக்குத் தொண்ணூற்றாறு பொட்டலம் என்றார் அஸ்தாவா, மிடுக்காக.

அவள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள். "கட்டிடலாம் ஐயா. ஆனா திங்கறது யாரு? முப்பது நாளும் நான் கட்டினது நாலு பொட்டலந்தான். அதே வயான், அதே மாடே, அதே ஞோமான், அதே கெதுத்."