போர்த்திய சால்வை

நான் ஒருமுறை ஒரு பெண்ணுக்குச் சால்வை போர்த்தி, ஊர் பார்க்க அதை அவள் தோளிலிருந்தே திரும்ப எடுத்திருக்கிறேன். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் யாராவது கண் காது மூக்கு வைத்துச் சொல்வார்கள்.

எனக்கும் கிளியனூர் கலைச்செல்விக்கும் நிச்சயம் முடிந்திருந்த சமயம். அவளுக்குத் தமிழ்ச்செல்வி என்று ஒரு தங்கை. பத்து நிமிடம் இளையவள், அச்சு அசல் அதே முகம். "எங்க ரெண்டு பேரையும் எப்படிங்க கண்டுபுடிப்பீங்க?" என்று கலை போனில் கேட்டபோது, "ஆயிரம் பேர் நடுவுல நின்னாலும் உன்ன எனக்குத் தெரியாதா?" என்று அளந்துவிட்டேன். (அதுவரை நேரில் பார்த்தது இரண்டே தடவை. இரண்டு தடவையும் அவள் தலை குனிந்திருந்தாள், நான் கேசரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

இருவரும் திண்டிவனத்தில் ஒரே பள்ளியில் டீச்சர்கள். ஆண்டு விழாவில் டீச்சர்களே நாடகம் போட்டார்கள். இரட்டைச் சகோதரிகளை மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டு ஊரே அல்லாடும் பழைய ரக நகைச்சுவை நாடகம். "எனக்குப் பச்சைப் புடவை" என்று கலை முன்பே சொல்லியிருந்தாள். வளவனூரிலிருந்து அம்மாவோடு போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். மேடையில் கணவன் வேஷக்காரர் மனைவி என்று நினைத்து மச்சினியைத் திட்ட, "இவனெல்லாம் ஒரு புருஷனா" என்று பலமாகச் சிரித்தது நான்தான்.

நடுவில் டீ குடிக்க வெளியே போனேன். (பாத்ரூம் போனதாகத்தான் அம்மாவிடம் இன்றுவரை சொல்லியிருக்கிறேன்.) அந்த நேரத்தில் கதைப்படி சகோதரிகள் புடவையை மாற்றிக்கொண்டுவிட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் மேடையேறியவர்களுக்குச் சொந்தக்காரர்கள் சால்வை போர்த்துவார்கள், மைக்கில் பெயர் வாசிப்பார்கள். "கலைச்செல்வி டீச்சருக்கு வருங்கால மாப்பிள்ளை சால்வை அணிவிக்கிறார்" என்றதும் ஏறிப்போய்ப் பச்சைப் புடவைக்குப் போர்த்தினேன்.

"நான் தமிழுங்க. அக்கா அந்தாண்ட நிக்குது."

மைக் பக்கத்திலேயே இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

அத்தோடு நானும் சிரித்துவிட்டு இறங்கியிருக்கலாம். பதறிப்போய் தமிழின் தோளிலிருந்து சால்வையை உருவி, கலையின் தோளில் போட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது. தமிழ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கலை சால்வையை மடித்து என் கையிலேயே கொடுத்தாள். கீழே இறங்கியதும் அவள் அப்பா, "யோசிச்சு சொல்றோம் தம்பி" என்றார்.

மூன்று நாள் கலை போனை எடுக்கவில்லை. கல்யாணம் நின்றுபோச்சு என்றே முடிவுகட்டினேன். நான்காம் நாள் அவளே கூப்பிட்டாள்.

"மாத்திப் பார்த்ததுக்குக் கோவம் இல்லைங்க. எங்கப்பாவே சில நேரம் மாத்திக் கூப்புடுவாரு. போத்துனத புடுங்குனீங்களே, தமிழு மூணு நாளா ஸ்கூலுக்குப் போவல. மொதல்ல அவகிட்ட மன்னிப்பு கேட்டுக்கினு வாங்க. அப்பறம் பேசலாம்."

புதுச் சால்வையோடு கிளியனூர் போனேன். கதவைத் திறந்தது இருவரில் ஒருத்தி. சால்வையைப் பிரித்தவன் அப்படியே நின்றுவிட்டேன். வெட்கத்தை விட்டு, "நீங்க யாருங்க?" என்று கேட்டேன்.

அவள் என் கையிலிருந்த சால்வையைப் பார்த்தாள். "தமிழு. இத அன்னிக்கே கேட்டிருக்கலாம் இல்ல மாமா?" என்றாள். அந்த 'மாமா'வில்தான் எனக்கு உயிர் வந்தது.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு விழா. வந்திருந்த தலைவருக்கு நான் சால்வை போர்த்தினேன். கூட்டத்திலிருந்து என் எட்டு வயது மகள், "கெட்டியா புடிச்சிக்கோங்க, எங்கப்பா திருப்பி எடுத்துக்குவாரு" என்றாள்.

தலைவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.