வில்லியம் சாமுவேலுக்குப் போன சீர்வரிசை

எனக்கு ஒரு வியாதி உண்டு. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு தமிழ் முகத்தைப் பார்த்துவிட்டால் "உங்களுக்கு எந்த ஊரு?" என்று கேட்காமல் என்னால் இருக்க முடியாது. கேட்டதோடு விடவும் மாட்டேன். ஊர், தெரு, கோயிலா சர்ச்சா, அப்பா எங்கே வேலை பார்த்தார், சித்தியை எந்த ஊரில் கட்டிக் கொடுத்தார்கள் என்று தோண்டிக்கொண்டே போய், பதினைந்தே நிமிடத்தில் ஒரு சொந்தத்தைப் பிடித்துவிடுவேன். சிட்னிக்கு வந்த பதினெட்டு வருஷத்தில் ரயிலில் மூன்று அத்தைகளையும், நான் வேலை பார்க்கும் வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியின் லிஃப்டில் ஒரு சித்தப்பாவையும் இப்படித்தான் கண்டெடுத்தேன். (அந்தச் சித்தப்பா இப்போது படிக்கட்டில்தான் போகிறார்.)

உயிரோடு இருப்பவர்களோடு நிறுத்தியிருக்கலாம். இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு வெள்ளைக்காரரிடம் என் கைவரிசையைக் காட்டியதில்தான் மானம் கப்பலேறியது.

நார்த்மீட்டில் எங்களுக்குப் பக்கத்து வீடு ஜோன் என்ற வெள்ளைக்காரப் பாட்டி. இது நடந்தபோது அவருக்கு எண்பத்தொரு வயது. வேலிக்கு மேலே அவர் எலுமிச்சம்பழம் நீட்டுவார். நான் மீன்குழம்பு நீட்டுவேன். ஒரு சனிக்கிழமை எலுமிச்சம்பழத்துக்குப் பதிலாக ஒரு செருப்புப் பெட்டியோடு வந்து நின்றார். உள்ளே முழுக்கப் பழைய காகிதம்.

ஜோனின் குடும்பத்தை இந்த மண்ணில் தொடங்கி வைத்தவர் வில்லியம் சாமுவேல் என்பவர். ஆங்கிலேயர் இங்கே குடியேறத் தொடங்கிய காலத்தில் கப்பலில் வந்து இறங்கி, பரமட்டா பக்கம் நிலம் வாங்கி, கோதுமை போட்டு, பதினோரு பிள்ளை பெற்று, அங்கேயே புதைந்தவர். ஆனால் அவர் யார் பெற்ற பிள்ளை என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு காகிதத்தில் பிறந்த ஊர் எழுதியிருந்தது. மெட்ராஸ்.

"எங்க அப்பா தேடித் தேடிப் பார்த்துட்டுப் போய்ச் சேர்ந்தார். அப்புறம் அண்ணன் தேடினான், அவனும் போயிட்டான்" என்றார் ஜோன். (அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.) "நவம்பர்ல குடும்பம் மொத்தமும் கூடுது. கல்லறையில ஒரு பித்தளைப் பலகை வைக்கப் போறோம். 'இன்னாருடைய மகன்'ங்கிற வரியைக் காலியா விட்டுட்டுப் போக எனக்கு மனசு வரல ராணி."

அவர் கண் கலங்கியது. எனக்கும்தான். ஆனால் என் மண்டைக்குள் 'மெட்ராஸ்' என்ற சொல் மணி அடித்துக்கொண்டிருந்தது.

"என்கிட்ட விடுங்க ஜோன்" என்றேன்.

என் முட்டாள்தனம் புரிய வேண்டுமென்றால் எங்கள் வீட்டுத் தபால் பெட்டியைப் பார்க்க வேண்டும். என் கணவர் எட்வின் சாமுவேல். அதாவது சாமுவேலின் மகன் எட்வின். நான் செல்வராணி எட்வின். மகள் பிரிசில்லா எட்வின். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பன் பெயரோ புருஷன் பெயரோதான் பின்னால் வரும். தபால்காரர் ரொம்ப நாள் அந்த வீட்டில் இரண்டு குடும்பம் குடியிருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார். ஆபீஸில் யாராவது "மிஸ்டர் சாமுவேல்" என்று கூப்பிட்டால், பாளையங்கோட்டையிலிருந்து அப்பாதான் வந்துவிட்டாரோ என்று என் கணவர் இன்னமும் திரும்பிப் பார்ப்பார்.

ஆக, பிறந்த ஊர் மெட்ராஸ், பெயர் வில்லியம் சாமுவேல். இதில் தேட என்ன இருக்கிறது? சாமுவேலின் மகன் வில்லியம்! நம்ம ஊர்க் கிறிஸ்தவர்! அந்தக் காலத்து மெட்ராஸ் மாகாணத்தில் பாளையங்கோட்டையும் சேர்த்திதானே! கையில் விடையை வைத்துக்கொண்டு மூன்று பேர் ஆயுசு முழுக்கத் தேடியிருக்கிறார்களே என்று எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

எட்வின் மெதுவாகக் கேட்டார். "ஏம்மா, அந்தக் காலத்துல மெட்ராஸ்ல வெள்ளைக்காரன் யாருக்கும் பிள்ளையே பொறக்கலையா?"

"பொறந்திருக்கும். ஆனா அப்பா பேரு சாமுவேல்னு இருக்கே!"

"சாமுவேல்னு வெள்ளைக்காரனுக்குப் பேரு இருக்கக் கூடாதாக்கும்?"

"உங்களுக்கு உங்க சொந்தக்காரங்களைக் கண்டாலே ஆகாது" என்று சொல்லி அவர் வாயை அடைத்தேன்.

நான் பார்க்கும் வேலையோ ரத்தப் பரிசோதனை. பெயரும் பிறந்த தேதியும் துளி ஒத்துப்போகாவிட்டாலும் அந்தக் குப்பியைத் தொடமாட்டேன், திருப்பி அனுப்பிவிடுவேன். அப்படிப்பட்டவள்தான் இதைச் செய்தேன்.

நாலு மாதம். ஒரு சனிக்கிழமை விடாமல் நூலகத்தில் உட்கார்ந்து கப்பல் பட்டியல்களைப் புரட்டினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. விட்டேனா? பாளையங்கோட்டையில் இருக்கும் எட்வினின் பெரியப்பாவுக்கு வாராவாரம் போன் போட்டு, குடும்ப பைபிளின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கும் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னேன். தலைமுறைக்கு ஒரு சாமுவேல் இருந்தார். (பாளையங்கோட்டையில் எந்தக் கிறிஸ்தவ வீட்டு பைபிளைத் திறந்தாலும் இருப்பார். அது அப்போது எனக்குத் தோன்றவில்லை.) எட்டாவது வாரம் பெரியப்பா, "எங்க தாத்தா சொல்லுவாரு, நம்ம குடும்பத்துல ஒரு பய கப்பலேறிப் போனவன் திரும்பவே இல்லன்னு" என்றார்.

நான் சமையலறையில் நின்று "கிடைச்சிட்டாருங்க!" என்று போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஜோனே எட்டிப் பார்த்தார். (அந்தப் பயல் போனது கொழும்புக்கு என்றும், ரெண்டே வருஷத்தில் மஞ்சள்காமாலையோடு திரும்பி வந்துவிட்டான் என்றும் பெரியம்மா பிறகு சொன்னார். பெரியப்பா என் தொல்லை தாங்காமல்தான் அதைச் சொல்லியிருக்கிறார்.)

"நிச்சயமா ராணி? பலகையில பொறிக்கச் சொல்லிடவா?" என்று ஜோன் இரண்டு முறை கேட்டார்.

"நூத்துக்கு நூறு."

பொறித்தார்கள். 'வில்லியம். பாளையங்கோட்டை சாமுவேலின் மகன்.'

சொந்தம் என்று ஆனபிறகு வெறுங்கையோடு போக முடியுமா? பதினோரு சீர்த்தட்டுக்கு ஏற்பாடு செய்தேன். வாழைப்பழம், தேங்காய், வெற்றிலை பாக்கு, கற்கண்டு, லட்டு, வளையல், ஜோனுக்கு அரக்கு நிறத்தில் ஒரு பட்டுப்புடவை. தட்டு வாங்கப்போன இலங்கைக் கடையில் அன்ரி ஆசையாகக் கேட்டார். "ஆருக்குப் பிள்ளை கலியாணம்?"

"கல்யாணம் இல்ல அன்ரி. செத்துப்போன ஒருத்தருக்கு."

அன்ரி மீதிச் சில்லறையைக் கொடுத்துவிட்டு வேறு எதுவும் கேட்கவில்லை.

நவம்பர் ஞாயிறு. சர்ச்சுக்குப் பின்னால் இருந்த கூடத்தில் எழுபது பேர் கூடியிருந்தார்கள். வெளியே சாசேஜ் வெந்துகொண்டிருந்தது. நாங்கள் ஊர்வலமாக நுழைந்தோம். எட்வின் பட்டுவேட்டியில் தேங்காய்த் தட்டோடு முன்னால். "அம்மா, ப்ளீஸ், நான் கார்லயே இருக்கேனே" என்று கெஞ்சிய பிரிசில்லா வாழைப்பழத்தோடு பின்னால். மீதித் தட்டுகளை, என்ன ஏதென்று புரியாமலே, ஜோனின் உறவுக்காரர்கள் தூக்கி வந்தார்கள்.

மேடையில் இருபது நிமிடம் பேசினேன். இரண்டு மீட்டர் நீள வம்சப் படத்தைச் சுவரில் ஒட்டி, வில்லியமையும் எட்வினையும் சிவப்புக் கோட்டால் இணைத்துக் காட்டினேன். அதோடு விட்டிருந்தால்கூடத் தப்பியிருப்பேன். முன்வரிசையில் இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கைகாட்டி, "நீங்க எனக்குக் கொழுந்தனார், நீங்க நாத்தனார்" என்று முறை வேறு சொன்னேன். தாடி வைத்த ஒரு ஆறடிப் பண்ணைக்காரருக்கு மாமனார் முறை வந்தது. அவர் எழுந்து நின்று குனிந்து வணக்கம் சொன்னார், பாவம்.

பலகையின் துணியை ஜோன் விலக்கினார். ஒரே கைத்தட்டல். மத்தியானம் கல்லறைக்குக் கொண்டுபோய்ப் பதிப்பதாக ஏற்பாடு.

அப்போதுதான் கடைசி வரிசையில் ஒருவர் எழுந்தார். ஜோனின் ஒன்றுவிட்ட தம்பி கிரஹாம். மெல்பர்னில் கிளேட்டன் பக்கம் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. "ரொம்ப ரொம்ப மன்னிக்கணும்" என்று ஆரம்பித்தார்.

அவரும் தன் பாட்டுக்குத் தேடியிருக்கிறார். வில்லியமின் ஞானஸ்நானப் பதிவு, மெட்ராஸ் கோட்டைப் பட்டாளத்துச் சர்ச்சுப் பதிவேட்டின் நகல், இரண்டு நாளைக்கு முன்புதான் அவர் கைக்கு வந்திருக்கிறது. தகப்பன்: சார்ஜென்ட் தாமஸ் சாமுவேல், ஊர் வேல்ஸ். தாமஸின் தகப்பன் டேவிட் சாமுவேல். அவருக்குத் தகப்பன் இவான் சாமுவேல். சாமுவேல் என்பது அப்பன் பெயரே இல்லை. தலைமுறை தலைமுறையாக வரும் குடும்பப் பெயர்.

கூடமே என்னைத் திரும்பிப் பார்த்தது. என் வலது கையில் பாதி லட்டு இருந்தது. எட்வின் காதோரம் குனிந்து, "நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார். (இருபத்திரண்டு வருஷ வாழ்க்கையில் அந்த வாக்கியத்தை அவ்வளவு திருப்தியாக அவர் சொன்னதே இல்லை.)

எல்லாரும் சிரித்திருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. ஜோன் பலகையில் இருந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு வயதான மனுஷி நம்பி ஒரே ஒரு வரியைக் கொடுத்தாள். அதில் நான் என் மாமனார் பெயரை எழுதி வைத்திருக்கிறேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "மன்னிச்சிருங்க ஜோன்" என்று சொல்லிவிட்டு, தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினேன்.

"கிரஹாம், அம்மா பேரு?" என்று ஜோன் கேட்டார்.

"அது இல்ல. அந்த இடம் காலியா இருக்கு." கிரஹாம் கொஞ்சம் தயங்கினார். "அதே பக்கத்துல மத்த சார்ஜென்ட்டுகளோட மனைவிமார் பேரெல்லாம் இருக்கு. அவங்கெல்லாம் இங்கிலாந்திலிருந்து வந்தவங்க. இந்த மாதிரிப் பதிவுல காலியா விட்டிருந்தா, அநேகமா அந்த ஊர்ப் பொண்ணாத்தான் இருக்கும்னு சொல்றாங்க. நிச்சயமா சொல்ல முடியாது."

எனக்கு வந்த அழுகை அப்படியே கோபமாக மாறிவிட்டது. "அடப்பாவிகளா! பத்து மாசம் சுமந்து பெத்தவ பேரை எழுத ஒரு சொட்டு மை இல்லையா?" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். யாருக்கும் புரியவில்லை. ஆனால் மாமனார் முறைக்காரர் தலையாட்டினார்.

ஜோன் என் கையிலிருந்த தட்டைப் பிடித்துக்கொண்டார். "இதெல்லாம் எதுக்குன்னு நீ சொல்லவே இல்லையே."

சொன்னேன். எங்கள் ஊரில் சொந்தம் என்றால் சீர் கொண்டுவருவோம். அதிலும் பெண்ணைப் பெற்ற வீட்டிலிருந்து, தாய்மாமன் தூக்கிக்கொண்டு வருகிற சீருக்குத்தான் மரியாதை அதிகம். ஒரு பிள்ளைக்கு என்ன நல்லது நடந்தாலும் அம்மா பிறந்த வீட்டிலிருந்து ஆள் வந்து நின்றாக வேண்டும் என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னேன்.

ஜோன் அந்த அரக்குப் புடவையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அப்போ இதைத் திருப்பி எடுத்துட்டுப் போகாதே. வில்லியமோட அம்மா வீட்டிலிருந்து இதுவரைக்கும் யாருமே வந்ததில்ல. நீங்க இருநூறு வருஷம் லேட், அவ்வளவுதான்."

அன்றைக்கு அந்தக் கூடத்தில் சாசேஜுக்குத் தொட்டுக்கொள்ள லட்டு சாப்பிட்டார்கள்.

புதுப் பலகையில் இப்போது இப்படி இருக்கிறது: 'தாமஸ் சாமுவேலின் மகன். மெட்ராஸில் அவரைப் பெற்றெடுத்த, பெயர் எழுதப்படாத தாயின் மகன்.' இரண்டாவது வரியைப் போடச் சொல்லி நின்றது ஜோன்தான். பழைய பலகை எங்கள் வீட்டில் இருக்கிறது. குழம்புச் சட்டியை அதன்மேல்தான் இறக்கி வைக்கிறோம். சாமுவேல் என்கிற எழுத்துகள் மட்டும் கொஞ்சம் கறுத்துவிட்டன.

ஆறு வருஷம் ஆகிறது. ஜோனுக்கு எண்பத்தேழு. அந்தக் குடும்பத்தில் எந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்றாலும், வேலிக்கு மேலாக "தாய்மாமன் எங்கே?" என்று தமிழிலேயே கேட்பார். சொல்லிக்கொடுத்த குற்றவாளி நான். எட்வின் முணுமுணுத்துக்கொண்டே வேட்டியைத் தேடுவார்.

போன மாதம் ஜோனின் நாலு வயதுக் கொள்ளுப்பேத்திக்குக் காது குத்தினார்கள். பரமட்டாவில் ஒரு ஷாப்பிங் மாலுக்குள் இருக்கும் நகைக்கடை. எட்வின் ஆபீஸில் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, அந்தப் பொன்னிறத் தலைமுடிக்காரியை மடியில் வைத்துக்கொண்டார். ஜோன் பக்கத்தில் கர்வமாக நின்றார். கடைக்காரப் பெண் அந்தக் குழந்தையைப் பார்த்தாள், எட்வினைப் பார்த்தாள், மறுபடியும் குழந்தையைப் பார்த்தாள்.

"நீங்க குழந்தைக்கு என்ன உறவு?"

நான் ஆர்வமாக முன்னால் நகர்ந்து வாயைத் திறந்தேன். எட்வின் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அந்தப் பெண்ணிடம் சொன்னார்:

"பதினஞ்சு நிமிஷம் ஆகும். பரவாயில்லையா?"