மழைக்காலத்தில் வீட்டுக்கு வரும் முதலைகள்

சென்னையில் பிறந்தவர்களுக்கு ஆறு என்றால் பாலம். அடையாறு பாலத்தில் பஸ் ஏறியதும் மூக்கைப் பொத்திக்கொள்வோம், இறங்கியதும் விடுவோம். அந்தத் தண்ணீரில் ஒருவர் இறங்கிக் குளிப்பார் என்று சொன்னால் நம்புவீர்களா? என் முதல் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தது இந்த அவநம்பிக்கைதான்.

தி.நகரில் விழா மலர்கள் தயாரிக்கும் சின்ன ஆபீஸ். என் தற்காலிக வேலை முடிய ஒரு வாரம் இருந்தது. கொள்ளிடக் கரையில் ஒரு குட்டி நகராட்சி (பெயர் சொல்ல மாட்டேன், அங்கே இன்னும் போய்வர வேண்டியிருக்கிறது). அவ்வூர்க்காரர்கள் சென்னையில் நடத்தும் விழாவுக்கு மலர்.

"ஊரப் பத்தி ரெண்டு பக்கம் எழுது. நல்லா வந்தா வேலை நிரந்தரம். சொதப்புன, வூட்லயே குந்திக்கினு இரு," என்றார் முதலாளி.

நகராட்சித் தலைவி வாட்ஸப்பில் பேசி அனுப்பியிருந்தார்: "எங்க ஊர்ல பாதி சனம் ஆத்துலதாங்க குளிக்கும். எருமையக்கூட ஆத்துலதான் குளிப்பாட்டுவாங்க. மழை பேஞ்சா ஆத்துல முதலை வந்துரும். ஆத்துல மணல் அள்ளுனா விடமாட்டோம், கேஸுதான்."

எங்கள் மயிலாப்பூர் வீட்டில் 'ஆத்துல' என்றால் வீட்டில். வேறு அர்த்தம் இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. (பாதிப் பேர்தான் வீட்டில் குளிக்கிறார்கள் என்றால் மீதிப் பேர் குளிப்பதே இல்லை போலிருக்கிறது என்று பரிதாபப்பட்டேன். நாகரிகம் கருதி எழுதவில்லை.) முதலாளி சந்திப்பிழை மட்டும்தான் பார்ப்பார். இரண்டு 'க்' சேர்த்து அச்சுக்கு அனுப்பிவிட்டார்.

விழா மேடையில் என்னையே வாசிக்கச் சொன்னார்கள். முன்வரிசையில் அம்மா, பட்டுப்புடவையில்.

"இந்நகர மக்கள் எருமைகளையும் வீட்டிலேயே நீராட்டும் ஜீவகாருண்யம் மிக்கவர்கள்." கைதட்டல். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "மழைக்காலத்தில் வீடுகளுக்கு முதலைகள் வருகை தருவதுண்டு." விசில். "வீட்டில் மணல் அள்ளுவோர்மீது வழக்குத் தொடரப்படும்." (வீடு பெருக்கினால் கேஸா, கண்டிப்பான ஊர்தான் என்று நினைத்திருந்தேன்.)

பெரியவர் ஒருவர் எழுந்தார். "ஏம்மா, முதலை எந்தத் தெருவுக்கு வந்துச்சு? எங்க வீடு பூட்டிக் கெடக்கு!"

தலைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தபடி மைக்கை வாங்கினார். "பாப்பா, ஆத்துலன்னா என்னன்னு நெனச்ச?"

"வீட்லன்னு..."

"ஏன், சரியாத்தானே சொல்றா? ஆத்துலன்னா ஆத்துலதான்!" என்று எனக்காக எழுந்து வாதாடினாள் அம்மா. மண்டபமே உருண்டு புரண்டு சிரித்தது. எனக்கோ அழுகை முட்டியது.

மேடைக்குப் பின்னால் முதலாளி காத்திருந்தார். "இன்னாம்மா இப்டி பண்ணிக்கீற? நாளைலேர்ந்து வராத!" பின்னாலேயே தலைவி வர, "மன்னிச்சுக்கங்கம்மா, திருத்தி வேற மலர் போட்டுத் தர்றேன்," என்று குழைந்தார்.

"திருத்துனீங்கன்னா பாருங்க! எங்க ஊரப் பத்தி எழுதுனத இதுவரைக்கும் எவன் கடைசி வரி வரைக்கும் கேட்டான்? அடுத்த வருசமும் இந்தப் பொண்ணுதான் எழுதணும்."

வேலை நிரந்தரமானது. சந்தோஷத்தில் தலைவியைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன்.

இன்றும் ஆபீஸிலிருந்து, "அம்மா, ஆத்துக்குக் கிளம்பிட்டேன்," என்று போன் செய்தால் அவள் நிதானமாகக் கேட்கிறாள்: "துண்டு எடுத்துண்டியோ?"